கிரையோ-ஈஎம் புரதப் படம்: இது எடுத்த படமா, வரைந்த படமா?

வைகைக்கரை:
பிளஸ் டூ வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். நேற்று பேச்சு மிளகாய் பக்கம் போனது, கடித்தால் ஏன் எரிகிறது என்று. நாக்கில் உள்ள நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்று ஒரு புரதம் இருக்கிறது, சூடு பட்டாலும் திறக்கும், மிளகாயின் கேப்சைசின் பட்டாலும் திறக்கும், அதனால்தான் காரத்தை "சூடாக" உணர்கிறோம் என்று சொல்லி, அந்தப் புரதத்தின் படத்தைத் திரையில் போட்டேன். நான்கு வண்ணங்களில் ரிப்பன் சுருட்டி வைத்த மாதிரி இருக்குமே, அந்தப் படம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "மிஸ், இது கேமராவில் எடுத்ததா, கம்ப்யூட்டரில் வரைந்ததா?" என்று கேட்டாள். கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் (கிரையோ-ஈஎம்) கண்டுபிடித்தது என்று படத்தின் கீழே போட்டிருந்தது, அதைத்தான் என்னால் சொல்ல முடிந்தது. அவள் கேட்டது அதை அல்ல. வரும் திங்கள் வகுப்புக்குள் சரியான பதிலோடு போக வேண்டும், இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

எத்தேன்குவளை:
டீச்சர், அந்த மாணவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்த வேலையில் ஆறு வருடமாக இருக்கிறேன், என் முதல் வருடத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

நீங்கள் போட்ட ரிப்பன் படம் ஒரு மாதிரி, ஆள் கட்டியது. அதற்குக் கீழே ஒரு முப்பரிமாண வரைபடம் இருக்கிறது, இந்த இடத்தில் பொருள் அடர்த்தி அதிகம், இந்த இடத்தில் இல்லை என்று சொல்லும் வரைபடம். அதற்கும் கீழே உண்மையிலேயே நுண்ணோக்கியில் எடுத்த படங்கள் இருக்கின்றன. அந்தப் படங்களில் ஒன்றைக் காட்டினால் வகுப்பில் யாருக்கும் எதுவும் தெரியாது. சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக, சிக்னல் இல்லாத பழைய டிவி மாதிரி இருக்கும். பழகிய கண்ணுக்கு மட்டும் அங்கங்கே மங்கலான உருண்டைகள் தெரியும், ஒவ்வொரு உருண்டையும் ஒரு புரதம்.

ஏன் இவ்வளவு மங்கல் என்றால், வெளிச்சத்தைக் கூட்ட முடியாது. 300 கிலோவோல்ட்டில் ஓடும் எலக்ட்ரானின் அலைநீளம் ஒரு ஆங்ஸ்ட்ராமில் (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) ஐம்பதில் ஒரு பங்குதான், அணுவைப் பார்க்கத் தாராளமாகப் போதும். ஆனால் அதே எலக்ட்ரான்தான் புரதத்தின் பிணைப்புகளை உடைக்கிறது. ஒரு சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு ஏறத்தாழ 50 எலக்ட்ரான் வரை போகலாம், அதற்கு மேல் போனால் நாம் பார்ப்பது வெந்துபோன புரதம். அந்தக் கொஞ்ச எலக்ட்ரானில் வரும் படத்தில் இரைச்சல்தான் பெரும்பகுதி.

அதனால் ஒரு புரதத்தை நன்றாகப் பார்ப்பதற்குப் பதில், ஒரே மாதிரியான லட்சக்கணக்கான புரதங்களை மோசமாகப் பார்க்கிறோம். ஒரே அச்சில் செய்த பத்தாயிரம் பிள்ளையார் பொம்மைகளைத் தரையில் கொட்டி, புகைமூட்டத்துக்கு நடுவே படம் எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று குப்புறக் கிடக்கும், ஒன்று மல்லாந்து, ஒன்று பக்கவாட்டில். எந்தப் படத்திலும் தும்பிக்கை தெளிவாக இருக்காது. ஒரே கோணத்தில் கிடப்பவற்றைச் சேர்த்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் புகை தனக்குள்ளேயே அடித்துக்கொண்டு போய்விடும், பொம்மையின் நிழல் மட்டும் கூடிக்கொண்டே வரும். பிறகு எல்லாக் கோணத்து நிழல்களையும் கொண்டு முழு உருவத்தைக் கணக்கிடுகிறோம். இந்தச் சராசரிக் கணக்கை 1970களிலிருந்து வளர்த்தெடுத்தவர் ஜோக்கிம் ஃப்ராங்க். 2017 வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

மாணவியிடம் இப்படிச் சொல்லலாம்: "எடுத்தது லட்சம் மங்கல் படம், அதிலிருந்து கணக்கிட்டது ஒரு வரைபடம், அந்த வரைபடத்துக்குள் ஒருவர் அணுக்களைப் பொருத்திக் கட்டியதுதான் நீ பார்த்த ரிப்பன்."

படிகக்காரன்:
நான் பழைய ஆள், புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரால் வடிவம் காணும் படிகவியலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டிஆர்பிவி1 நல்ல எடுத்துக்காட்டு அம்மா, அதை விட்டுவிடாதீர்கள். எங்கள் காலத்தில் ஒரு புரதத்தின் கட்டமைப்பு வேண்டுமென்றால் முதலில் அது படிகமாக வேண்டும். செல்லின் சவ்வுக்குள் உட்கார்ந்திருக்கும் புரதங்கள் லேசில் படிகமாகாது, வருடக்கணக்கில் நூற்றுக்கணக்கான கரைசல்களில் சொட்டுச் சொட்டாக வைத்துவிட்டு நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருப்போம். டிஆர்பிவி1 அந்த வகை. 2013 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸ், யிஃபான் செங் இருவரின் ஆய்வுக்குழுக்களும் சேர்ந்து படிகம் இல்லாமலே 3.4 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் அதை வெளியிட்டார்கள், இந்த எண் குறையக் குறையத் தெளிவு அதிகம். அன்று அந்தக் கட்டுரையின் படங்களை நான் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அமினோ அமிலங்களின் பக்கச் சங்கிலிகள் தெரிந்தன. அதற்கு முன்பு இந்தத் துறையை எங்கள் ஆட்கள் "உருண்டை அறிவியல்" என்று இளக்காரமாகச் சொல்வதுண்டு, நானும் சொல்லியிருக்கிறேன், அது தவறு.

அந்த நோபல் மூவரில் இன்னொருவரான ரிச்சர்ட் ஹெண்டர்சன் 1975லேயே நைஜல் அன்வினோடு சேர்ந்து ஒரு நுண்ணுயிரின் ஊதாச் சவ்வை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 7 ஆங்ஸ்ட்ராம் அளவுக்குப் பார்த்துவிட்டார். அணு அளவிலான மாதிரியைக் கட்ட 1990 ஆனது, பதினைந்து வருடம். 1995இல், படிகமே இல்லாமல் தனி மூலக்கூறுகளை வைத்தே அணு அளவுக்குப் போக முடியும் என்று கணக்குப் போட்டு எழுதினார். கணக்கு சரியாகத்தான் இருந்தது, அதற்கேற்ற கேமரா இல்லை. எலக்ட்ரானை ஒளியாக மாற்றாமல் நேரடியாகப் பதியும் உணரிகள் 2012 வாக்கில் வந்த பிறகுதான் கதவு திறந்தது. அவை நொடிக்குப் பல படமாக, சினிமா போல எடுக்கும். எலக்ட்ரான் பட்டவுடன் புரதம் லேசாக நகரும், அந்த நகர்வைப் படம் படமாகத் திருத்திவிடலாம். பெரிய அளவில் தெளிவு கூடியது அதனால்தான்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமின் கட்டமைப்பைப் படிகம் வழியாகக் கண்டதற்குத்தான் அவருக்கு 2009 நோபலில் பங்கு கிடைத்தது. ஐந்தே வருடத்தில், 2014இல், அவருடைய ஆய்வுக்குழு ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியா ரைபோசோமின் பெரிய பகுதியை 3.2 ஆங்ஸ்ட்ராமில் கிரையோ-ஈஎம்மில் வெளியிட்டது. படிகத்தில் அந்த உயரத்தைத் தொட்டவரே வண்டி மாறினார் என்றபோது எங்களுக்குப் புரிந்துவிட்டது.

வைகைக்கரை:
ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. பிள்ளையார் பொம்மை கட்டாயம் வகுப்புக்குப் போகும். ஒரு சந்தேகம். "கிரையோ" என்றால் உறைய வைப்பது என்று தெரியும். தண்ணீர் உறைந்தால் பனிக்கட்டி விரிந்து செல் கிழிந்துவிடும் என்று நானே பாடம் நடத்துகிறேன். புரதம் மட்டும் எப்படித் தப்பிக்கிறது?

எத்தேன்குவளை:
இதற்குத்தான் காத்திருந்தேன், என் புனைபெயரே அங்கிருந்து வந்ததுதான்.

தண்ணீர் பனிக்கட்டி ஆக நேரம் வேண்டும், மூலக்கூறுகள் வரிசையில் போய் நிற்க வேண்டும் இல்லையா. அந்த நேரத்தைக் கொடுக்காமல், நொடிக்கு லட்சம் டிகிரிக்கு மேற்பட்ட வேகத்தில் குளிர்வித்தால் அவை இருந்த இடத்திலேயே நின்றுவிடும். திரவத்தின் ஒழுங்கின்மையோடு திடமாகிவிட்ட தண்ணீர், கண்ணாடி மாதிரி. 1980களின் தொடக்கத்தில் ஹைடல்பெர்க்கில் ழாக் டுபோஷேயும் அலஸ்டேர் மெக்டவலும் இதை நுண்ணோக்கிக்குள் செய்து காட்டினார்கள். 1984இல் டுபோஷேயின் குழு அப்படி உறைந்த வைரஸ்களின் படங்களை வெளியிட்டது, சாயம் ஏற்றாமல், காயவைக்காமல், தண்ணீருக்குள் இருந்தபடியே.

திரவ நைட்ரஜனில் நேராக முக்கினால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். நைட்ரஜன் −196 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும் திரவம், சூடான பொருள் பட்டதும் சுற்றிலும் ஆவிப் போர்வை உருவாகும். காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் உருண்டு ஓடுமே, அதே சங்கதிதான். போர்வைக்குள் குளிர் மெதுவாகத்தான் போகும். அதனால் எத்தேன். அது −183 டிகிரியில் உறைந்து −89 டிகிரியில்தான் கொதிக்கும், அவ்வளவு இடைவெளி இருப்பதால் ஆவியாகாமல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். நைட்ரஜனுக்கு நடுவே சின்னக் குவளை, அதற்குள் எத்தேன் வாயுவை விட்டால் திரவமாகும், கவனிக்காமல் விட்டால் கெட்டியாகிவிடும், அப்புறம் கொஞ்சம் வாயு விட்டு இளக்க வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் பக்கத்தில் பொறி எதுவும் கூடாது.

மாதிரியை வைப்பது 3 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உலோக வலையில், நாங்கள் கிரிட் என்போம். அதன் மேல் துளைகள் போட்ட கார்பன் படலம் அல்லது தங்கப் படலம், ஒவ்வொரு துளையும் ஏறத்தாழ 1.2 மைக்ரான். 3 மைக்ரோலிட்டர் புரதக் கரைசலை விட்டு, வடிதாளால் இரண்டு பக்கமும் சில நொடி ஒற்றி எடுத்தால் துளைகளுக்குள் மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கும், சோப்புக் குமிழி மாதிரி. அடுத்த கணம் அதை எத்தேனுக்குள் விழ வைக்க வேண்டும். படலம் தடித்தால் எலக்ட்ரான் தெளிவாக ஊடுருவாது, மெலிந்தால் புரதமே இருக்காது. சில பத்து நானோமீட்டர் வேண்டும். அதன் பிறகு நுண்ணோக்கிக்குள் போகும்வரை அது −137 டிகிரிக்கு மேல் ஏறவே கூடாது, ஏறினால் பனிக்கட்டியாகத் தொடங்கும். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் வேலையே ஓடாது, மூச்சுக்காற்று பட்டாலே கிரிட் முழுக்கப் பனித்துகள்.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது டீச்சர். வெளியில் இருப்பவர்கள் பல கோடி ரூபாய் நுண்ணோக்கியைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் மாதங்கள் கரைவது இந்த வடிதாளில். ஒரு புரதத்துக்காகப் பதினோரு மாதம் கிரிட் போட்டேன். படலத்துக்குள் போன புரதம் மேலேயும் கீழேயும் காற்றைத் தொட்டுத் தொட்டுப் பிரிந்துபோனது. சோதனைக் குழாயில் நல்ல புரதம், கிரிட்டில் நூலாகக் கிடக்கும். ஈஸ்ட்டின் கொழுப்பமிலத் தொகுப்பி என்ற புரதத்தில் இதே சேதத்தை அளந்து, ஒரே அணு தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீனின் மேல் வைத்தால் பிழைக்கிறது என்று 2019இல் ஒரு ஜெர்மன் குழு காட்டியது. அந்தக் கட்டுரையைப் படித்த அன்றுதான், தவறு என் கையில் இல்லை என்று எனக்கு உறைத்தது.

நிரலன்:
நான் மென்பொருள் ஆள், உயிரியல் தெரியாது. ஆனால் எத்தேன்குவளை மேலே சொன்ன கணக்கு என்னை உறுத்துகிறது. படத்தில் பெரும்பகுதி இரைச்சல் என்கிறீர்கள். எந்தப் படம் எந்தக் கோணம் என்று கண்டுபிடிக்க ஒரு மாதிரி உருவத்தோடு ஒப்பிட்டுத் திருப்பி வைப்பீர்கள். அப்படியானால் தேடுவதைத்தானே கண்டுபிடிப்பீர்கள்? வெறும் இரைச்சலைக் கொடுத்தாலும் அதே உருவம் வரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எத்தேன்குவளை:
வரும். அதை நோபல் வாங்கியவரே எழுதியிருக்கிறார். ஐன்ஸ்டைனின் புகைப்படத்தை மாதிரியாக வைத்து, வெறும் இரைச்சலாக உருவாக்கிய 1000 படங்களை அதனோடு ஒப்பிட்டு நகர்த்திச் சராசரி எடுத்தால் ஐன்ஸ்டைன் முகம் வந்து நிற்கும், மீசையோடு. 2013இல் ஹெண்டர்சன் "இரைச்சலிலிருந்து ஐன்ஸ்டைன்" என்று தலைப்பிலேயே போட்டு ஒரு எச்சரிக்கைக் கட்டுரை எழுதினார். எச்ஐவியின் மேற்பரப்புப் புரதம் ஒன்றின் கட்டமைப்பு அப்போது வெளியாகியிருந்தது. அது வைரஸிலிருந்து வந்ததா, இரைச்சலிலிருந்து வந்ததா என்று துறையே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அந்த வருடம் அக்டோபரில் வேறு குழுக்கள் ஒரு படிகக் கட்டமைப்பையும் ஒரு கிரையோ-ஈஎம் கட்டமைப்பையும் ஒன்றாக வெளியிட்டன, இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போயின, முந்தையதோடு ஒத்துப்போகவில்லை.

இப்போது செய்வது இதுதான். படங்களைத் தொடக்கத்திலேயே இரண்டு பாதியாகப் பிரித்துவிடுவோம், இரண்டும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது, தனித்தனியாக வரைபடம் கட்ட வேண்டும். கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டு, எவ்வளவு நுண்ணிய விவரம் வரை ஒத்துப்போகிறதோ அதுதான் தெளிவு. ஒப்புமை எண் (முழுக்க ஒத்துப்போனால் 1) 0.143க்குக் கீழே இறங்கும் இடத்தில் நிறுத்துவோம். தொடக்க மாதிரியைக் கரடுமுரடாக மங்கலாக்கித்தான் கொடுப்போம். அதில் இல்லாத நுண்விவரம், உதாரணமாகப் புரதச் சங்கிலி சுருண்டு நிற்கும் ஆல்ஃபா சுருளின் திருகு, கடைசியில் தெரிந்தால் அது படங்களிலிருந்துதான் வந்திருக்க முடியும். மங்கலான வரைபடத்தில் மட்டும் இன்னும் ஏமாற இடமிருக்கிறது, 3.4 ஆங்ஸ்ட்ராமுக்கும் 8 ஆங்ஸ்ட்ராமுக்கும் உள்ள வித்தியாசத்தை அதனால்தான் பெரிதாகப் பேசுகிறோம்.

படிகக்காரன்:
அது வரைபடத்துக்கான சோதனை. உள்ளே கட்டும் மாதிரிக்கு வேறு சோதனை வேண்டும், அது சென்னையில் பிறந்தது. 1963இல் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணங்களில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று வரைந்தார்கள். உலகில் எந்த மூலையில் எந்த முறையில் புரதம் கட்டினாலும் இன்றும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியிடுவார்கள்.

ஒரு வருத்தமும் உண்டு. இப்போதைய சில மென்பொருள்களில், மாதிரியைக் கட்டும்போதே ராமச்சந்திரன் கோணங்களுக்குள் நில் என்று கட்டாயப்படுத்தும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுக் கட்டிவிட்டு, ராமச்சந்திரன் சோதனையில் நூற்றுக்கு நூறு என்று அட்டவணையில் எழுதினால் அதற்கு என்ன மதிப்பு? விடையைப் பார்த்து எழுதிய பரீட்சை அது. 3 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் மங்கிய வரைபடங்களில் இதைப் பார்த்தால் நான் கட்டுரையை அங்கேயே மூடிவிடுவேன்.

இன்னொன்று, நிரலன் தம்பிக்காக. 1971இல் ராமச்சந்திரனும் ஏ.வி. லக்ஷ்மிநாராயணனும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-கதிர் படங்களிலிருந்தும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்தும் முப்பரிமாண உருவத்தை, ஃபூரியே மாற்றம் (படத்தை அலைகளாகப் பிரிக்கும் கணக்கு) இல்லாமல் சுருக்கமாகக் கணக்கிடும் வழி. தலைப்பிலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கிறது. நிழல்களிலிருந்து உருவம் செய்யும் இதே வேலை.

நிரலன்:
ஐயா, ஒரு நிமிடம். மேட்லேப் என்ற கணித மென்பொருளில் ஐராடான் என்று ஒரு கட்டளை இருக்கிறது, நிழல்களிலிருந்து படம் செய்வதற்கு. அதில் வடிகட்டி எதுவும் சொல்லாவிட்டால் தானாக எடுத்துக்கொள்வது "ராம்-லாக்". கல்லூரியில் சி.டி. ஸ்கேன் ப்ராஜெக்டில் எத்தனை முறை ஓட்டியிருப்பேன். ராம்-லாக் என்றால் ஏதோ ஜெர்மன் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ராமச்சந்திரன், லக்ஷ்மிநாராயணன்!

படிகக்காரன்:
அவர்களேதான். பல பாடப்புத்தகங்களில் முழுப்பெயர் போடுவதில்லை.

கரிசல்மண்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் வந்தாயிற்று, அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் வடிவத்தைச் சொல்லிவிடுகிறது, 2024இல் அதற்கும் நோபல் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு பணம் கொட்டி, பதினோரு மாதம் வடிதாளோடு போராடி இனி எதற்கு? விவசாயக் கல்லூரியில் ஒரு சாதாரண சென்ட்ரிஃபியூஜ் கேட்டு இரண்டு வருடமாக நிற்கிறோம், அந்தக் கோபத்தில் கேட்கிறேன்.

எத்தேன்குவளை:
கோபம் நியாயமானது அண்ணா. ஆல்ஃபாஃபோல்ட்டை நானும் தினமும் பயன்படுத்துகிறேன், மங்கலான வரைபடத்துக்குள் முதலில் அதன் கணிப்பைத்தான் பொருத்துவேன். ஆனால் டௌ புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் அதற்கு நிலையான வடிவமே கிடையாது. அல்சைமர் வந்தவரின் மூளையில் இழையாக மடிந்து கிடக்கிறது. 2017இல் கேம்பிரிட்ஜில், இறந்துபோன ஒரு நோயாளியின் மூளைத் திசுவிலிருந்து அந்த இழைகளை எடுத்து கிரையோ-ஈஎம்மில் மடிப்பைக் கண்டார்கள். பிறகு வேறு நோய்களில் அதே டௌ வேறு விதமாக மடிந்திருப்பது தெரிந்தது. வரிசை ஒன்றுதான், மடிப்பு நோய்க்கு நோய் வேறு. வரிசையை மட்டும் பார்த்து இதை எப்படிச் சொல்ல முடியும்? திசுவைத்தான் பார்க்க வேண்டும்.

கொரோனாவும் அப்படித்தான். 2020 ஜனவரியில் மரபணு வரிசை வந்தது, பிப்ரவரியிலேயே ஸ்பைக் புரதம் 3.5 ஆங்ஸ்ட்ராமில் வந்துவிட்டது, மூன்று கைகளில் ஒன்று மேலே தூக்கியபடி. மனிதச் செல்லைப் பிடிப்பது அந்தத் தூக்கிய கைதான்.

பணத்துக்கு என் பதில்: எல்லாக் கல்லூரியிலும் 300 கிலோவோல்ட் கருவி வேண்டாம். பெங்களூரில் என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆய்வு நிறுவன வளாகத்தில் இருப்பது போலப் பொது மையங்களில் நேரம் கேட்டு வாங்கலாம். அதோடு 100 கிலோவோல்ட்டில் குறைந்த செலவில் செய்யலாம் என்று ஹெண்டர்சனும் அவரோடு இருப்பவர்களும் 2019இலேயே செய்து காட்டினார்கள், அந்த வகைக் கருவிகள் இப்போது விற்பனைக்கும் வந்துவிட்டன. உங்கள் சென்ட்ரிஃபியூஜ் முதலில் வர வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. புரதத்தைச் சுத்தம் செய்ய அது இல்லாமல் எங்கள் வேலையும் தொடங்காது.

கரிசல்மண்:
டௌ விஷயம் தெரியாது, தேடிப் படிக்கிறேன். நன்றி தம்பி.

நிரலன்:
உண்மையான தரவை ஓட்டிப் பார்க்க வழி இருக்கிறதா? வீட்டில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது.

எத்தேன்குவளை:
எம்பையர் என்ற பொதுக் களஞ்சியத்தில் மூலப் படங்கள் இலவசம். முழுத் தொகுப்பை இறக்காதீர்கள், டெராபைட் கணக்கில் போகும். ரிலையான் மென்பொருளும் இலவசம், அதன் பயிற்சிப் பாடத்தோடு பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற நொதியின் படங்கள் கொஞ்சம் வரும், அதில் தொடங்குங்கள். முடிந்ததும் வெறும் இரைச்சலை ஒருமுறை கொடுத்துப் பாருங்கள், உங்கள் சந்தேகத்தை நீங்களே பரிசோதித்த மாதிரி இருக்கும்.

வைகைக்கரை:
திங்கள் வகுப்பு முடிந்தது. முதலில் சாம்பல் படத்தைக் காட்டினேன், "இதுதான் எடுத்த படம்" என்றதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. பிறகு பொம்மை, வரைபடம், ரிப்பன் என்று வரிசையாகப் போனேன். ஐன்ஸ்டைன் கதையையும் சொன்னேன். அதே மாணவி மறுபடி எழுந்தாள்: "எல்லாப் பொம்மையும் ஒரே அச்சு என்றால் சரி மிஸ், சில பொம்மை கையைத் தூக்கியிருந்தால்?"

எத்தேன்குவளை:
அப்படியானால் தூக்கிய கை சராசரியில் மங்கிவிடும், அல்லது காணாமலே போகும். அதனால் கை தூக்கியவை, தூக்காதவை என்று படங்களைக் கணினியை வைத்துப் பிரித்துத் தனித்தனி உருவம் செய்வோம், ஸ்பைக்கில் அதைத்தான் செய்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வளையும் புரதத்தைப் பிரிப்பது இன்னும் கஷ்டம், பல வருடமாக அதற்கான முறைகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், என் இப்போதைய வேலையும் அதுதான். அந்தப் பெண் பத்து நிமிடத்தில் அங்கே வந்து நின்றுவிட்டாள்.

டீச்சர், பயன்படுத்தி முடித்த கிரிட்கள் என் மேசையில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், கொண்டு வரட்டுமா? பள்ளிக்கூட நுண்ணோக்கியிலேயே அந்தச் சதுரங்கள் நன்றாகத் தெரியும்.

வைகைக்கரை:
கட்டாயம் கொண்டு வாருங்கள் தம்பி. 41 பேர் இருக்கிறார்கள், நுண்ணோக்கி மூன்றுதான் வேலை செய்கிறது, மூன்று கிரிட் போதும். இடுக்கியால்தான் எடுக்க வேண்டுமா, கையால் தொடலாமா என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எத்தேன்குவளை:
இடுக்கிதான். கையால் எடுத்தால் வளைந்துவிடும். இடுக்கியும் நானே கொண்டு வருகிறேன்.